சாதாழைக்குக் கேட்ட மானியம்

கடற்கரையில் நாறிக்கொண்டு கிடந்த ஒன்றுக்கு அரசாங்கப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியவள் நான். எங்கள் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அதைப் படித்த எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் கணக்காளர் ஒருவர்தான். அவர் எதற்குமே சிரிப்பதில்லை என்பதால் அதை நான் ஆதரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வேலைக்கு, புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளான நீங்கள் இப்போது சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வட்டம் கீறி, அம்புக்குறி போட்டு, நிறம் தீட்டி வைத்திருக்கும் உங்கள் படங்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு அப்போது பெயரும் இல்லை, படமும் இல்லை. ஒரு தொழிலின் கழிவை இன்னொரு தொழிலின் முதலாக்கும் முயற்சிகளுக்குக் கொஞ்சம் நிதி இருக்கிறது, ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோசம். எல்லா நிதியும் நீர் இறைக்கும் மெசினாகவும் துவிச்சக்கர வண்டியாகவும் போய்க்கொண்டிருந்த காலம் அது. பழசைத் திருப்பிப் பாவிப்பதற்கு அரசாங்கம் காசு தருகிறது என்றால் நம்ப முடியுமா?

முதலில் என் அனுபவத்தின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஏமாறக் கூடாது. அதற்கு முந்திய ஆண்டு, வேறொரு சிறு நிதியில், பிளாஸ்டிக் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் சேர்த்து வைக்க நெடுந்தீவுக்கு நீலப் பீப்பாக்கள் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, படகில் ஆடி ஆடிப் போய்ப் பார்த்தால், ஒரு பீப்பாவில்கூட ஒரு போத்தல் இல்லை. எல்லாவற்றிலும் குடிதண்ணீர். ஒரு வீட்டுக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், நல்ல பீப்பா. மூடி இறுக்கமா இருக்கு. இன்னும் நாலு எடுத்துத் தர ஏலுமோ?" என்று கேட்டார். நான் கோபத்தோடு திரும்பி வந்து கணக்காளரிடம் முறையிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப அவைக்குத் தண்ணிதான் பிரச்சினை" என்றார். எனக்கு அந்த மனிதரில் இருந்த எரிச்சல் இன்னும் கூடியது.

இனிச் சாதாழைக் கதைக்கு வருகிறேன். இது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை ஓய்ந்திருந்தது, பாதை திறந்திருந்தது, சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவுகளுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலடிப் புல் அறுந்து கரையில் வந்து ஒதுங்கும். அதைத்தான் இங்கே சாதாழை என்பார்கள். ஊர்காவற்துறைப் பக்கத்தில் ஒரு சின்னத் துறையில் அது இடுப்பளவுக்கு மேல் குவிந்து கிடந்தது. வள்ளங்களைக் கரையேற்ற முடியவில்லை, நாற்றமும் தாங்க முடியவில்லை என்று அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கம் மூன்று தடவை எங்களுக்கு எழுதியிருந்தது. சங்கத் தலைவர் சூசை அண்ணை. கடலில் கத்திக் கத்திக் கரையிலும் கத்துகிற பெரிய குரல் அவருக்கு.

அதே தீவின் மற்றப் பக்கம், சரவணையில், தோட்டங்கள் பத்து வருடத்துக்கு மேல் பற்றை மண்டிக் கிடந்தன. திரும்பி வந்தவர்களிடம் மாடு இல்லை, எரு இல்லை. கடைப் பசளை, அதாவது உரம், வாங்க வசதியும் இல்லை. சாதாழை நல்ல பசளை என்பது தீவில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். இடப்பெயர்வுக்கு முன்னர் வண்டி கட்டிப் போய் அள்ளி வந்தவர்கள்தான் எல்லோரும். வண்டியும் போய், மாடும் போய், ஆளும் போய், அந்தப் பழக்கம் அறுந்துவிட்டது. என் திட்டம் மிக எளிது. கரையில் அள்ளுவதற்குக் கடற்றொழிலாளருக்குக் கூலி. ஏற்றி இறக்க உழவு இயந்திரத்துக்கு வாடகை. தோட்டத்தில் பரப்பிக் கொத்தக் கமக்காரருக்குக் கொஞ்சம் உதவி. ஒரு பக்கத்தின் தொல்லை மறுபக்கத்தின் உணவு. நான் அந்த விண்ணப்பத்தை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன்.

கமக்காரரில் முதலாவதாகப் பெயர் கொடுத்தவர் புவனம் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். வன்னியிலிருந்து தனியாகத் திரும்பி, கூரை இல்லாத வீட்டில் ஒரு அறைக்குத் தகரம் போட்டு இருந்தார். ஆறு பரப்புத் தோட்டம், அரை ஏக்கருக்கும் குறைவு. அதில் பாதி சுவிசில் இருக்கும் தம்பிக்கு உரியது. தம்பி அதை விற்றுவிட்டு அக்காவைக் கொழும்பில் ஒரு அறை எடுத்து இருத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அக்கா தொலைபேசியில் சண்டை பிடித்து ஒரு தவணை வாங்கியிருந்தார். தையில் நடும் வெங்காயம் பங்குனியில் சரிவந்தால் காணி இருக்கும், இல்லாவிட்டால் விற்கலாம். எனக்கு இதைச் சொல்லும்போது அவருடைய குரல் அசையவில்லை. "ஒரு போகம்தான் தந்திருக்கிறான் மிஸ்" என்றார். நான் அந்த நிமிடமே அவருடைய வெங்காயத்தை என்னுடைய வெங்காயமாக நினைத்துவிட்டேன். இது நல்ல உத்தியோகத்தருக்கு அழகில்லை என்று சொல்லுவார்கள். சொல்லட்டும்.

நிதிக்கான அனுமதி ஐப்பசியில்தான் வந்து சேர்ந்தது. துறையில் வேலை தொடங்கியது. நாற்பது பேர், ஆணும் பெண்ணுமாக, முள்ளு மண்வெட்டியாலும் கூடையாலும் அள்ளினார்கள். உழவு இயந்திரத்தைச் சரவணைக்குப் போகிற வழியில் காவலரணில் ஆமிக்காரர் நிற்பாட்டி, அதன் பின்பெட்டிக்குள் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். மூன்றாவது நடையோடு மணம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். சரவணையில் ஒரு பொதுக்காணியில் பெரிய குவியல் எழுந்தது. நான் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பேன். அதன் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்தேன்.

உங்களில் தோட்டக்காரர் பிள்ளைகள் இருந்தால் இப்போதே நெளிவீர்கள் என்று தெரியும். சாதாழையைக் கடலிலிருந்து எடுத்துக் கையோடு மண்ணில் போடுவதில்லை. ஒரு மாரி முழுவதும் மழையில் கிடந்து உப்புக் கழுவிப் போக வேண்டும். எனக்கும் அது தெரியும். விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். ஆனால் மாரி தை வரைக்கும் போகும், அரசாங்கத்தின் ஆண்டு மார்கழி, அதாவது டிசம்பர், முப்பத்தொன்றோடு முடிந்துவிடும். அந்த வருடம் பார்த்து மழையும் பிந்தியது. மார்கழி நடுவில் ஒரு கடிதம் வந்தது. மாகாணத்திலிருந்து மேலதிகாரி இருபத்திரண்டாம் திகதி பார்வையிட வருகிறார், பசளை தோட்டத்தில் இடப்பட்டிருக்க வேண்டும், அதைக் கண்ட பிறகுதான் மொத்தப் பணமும் விடுபடும். துறையில் நாற்பது குடும்பமும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன்னர் கூலி வரும் என்று காத்துக்கொண்டிருந்தன.

நான் அவசரக்காரி. ஆறு நாள் நல்ல மழை பெய்திருக்கிறதே, இவ்வளவு காணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினேழாம் திகதி குவியலை உடைத்து முதல் எட்டுப் பெட்டியைப் புவனம் அக்காவின் தோட்டத்தில் இறக்குவித்தேன். அவர் குவியலில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, "மிஸ், இது இன்னும் கடலாத்தான் மணக்குது" என்றார். நான், "பரப்பி விடுங்கோ அக்கா, மிச்சத்தைத் தோட்டத்தில வைச்சே மழை கழுவும்" என்றேன். கந்தோர் சொல்கிறது என்பதற்காக அவர் பரப்பினார். அந்த மனிசி என்னை நம்பி ஒரு படி மேலேயும் போனார். மூலையில் நட்டிருந்த கத்தரிக் கன்றுகளுக்கும் ஆளுக்கொரு பிடி போட்டார்.

இருபதாம் திகதி காலை நான் கந்தோருக்குப் போனபோது புவனம் அக்கா நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் கடதாசியில் சுற்றிய ஒரு கத்தரிக் கன்று. இலையின் விளிம்பு எல்லாம் நெருப்பில் காட்டினதுபோலக் கருகியிருந்தது.

"எல்லாம் எரிஞ்சு போச்சு மிஸ். கத்தரி போனால் போகட்டும். தையில இதுக்குள்ள வெங்காயம் வைக்க ஏலாது."

கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் இன்னொன்று சொன்னார்.

"நான் யோசிச்சனான். நீங்கள் அந்தப் படிவத்தைத் தாங்கோ, பசளை போட்டாச்சு எண்டு கையெழுத்து வைக்கிறன். ஐயா வந்து பாத்திட்டுப் போகட்டும். அந்தக் கரைச் சனத்துக்கு நத்தாருக்குக் காசு போய்ச் சேரும். என்ரை காணி எப்பிடியும் போற காணிதான்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் ஒரு நிமிடம் நான் அந்தப் படிவத்தைத் தேடினேன். பொய் சொல்ல மாட்டேன். மேசை லாச்சியை இழுத்துத் திறந்துவிட்டேன். நாற்பது குடும்பம் ஒரு பக்கம், ஒரு பெண் மறுபக்கம், அந்தப் பெண்ணே சரி என்கிறார், மேலதிகாரிக்குச் சந்தோசம், என் திட்டம் வெற்றி. தவறான முடிவு எப்போதும் இப்படித்தான் எல்லோருக்கும் வசதியாக வந்து நிற்கும்.

கணக்காளர் தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வந்து கன்றை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீர் அந்த லாச்சியைப் பூட்டும்" என்றார்.

"கரையில சனம் காத்துக்கொண்டிருக்கு சேர்."

"ஓம். முப்பத்தோராம் திகதி எங்களுக்குத்தான், மழைக்கு இல்லை. உமக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. போய் உள்ளதைச் சொல்லும். இவவையும் கூட்டிக்கொண்டு போம்."

ஏன் அவரையும் என்று நான் கேட்டேன். "பசளை எடுக்கிற ஆள் பசளை இருக்கிற இடத்தை இன்னும் பாக்கேல்லை எல்லோ" என்றார்.

அது உண்மை. இரண்டு மாதமாகத் துறைக்கும் சரவணைக்கும் நான் ஓடினேன், உழவு இயந்திரம் ஓடியது. கொடுப்பவரும் எடுப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. தோட்டக்காரர் துறைக்குப் போவதில்லை, துறைச் சனம் தோட்டத்துக்குள் வருவதில்லை, மீன் விற்கும் இடத்தில் விலை பேசுவதோடு சரி. ஒருவர் கோயிலுக்குப் போகிறவர், மற்றவர் தேவாலயத்துக்குப் போகிறவர், எதற்கு வீண் கரைச்சல் என்று அந்த இடைவெளியை நான் மிக மரியாதையாகப் பாதுகாத்து வைத்திருந்தேன். ஊர் வழக்கம் தெரிந்த எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

துறையில் சூசை அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். அவருடைய குரல் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"அப்ப நாங்கள் ரெண்டு மாசமா அள்ளினது பொய்யோ மிஸ்? நத்தாருக்குப் பிள்ளையளுக்கு உடுப்பு எடுக்கிறம் எண்டு சொல்லிப்போட்டம். உப்புக் கிடக்கு எண்டு இப்பவோ தெரியும்? கடலுக்குள்ள கிடந்தது உப்பில்லாமல் வேறென்ன மிஸ்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனவர் திடீரென்று நிறுத்தி, "தங்கச்சி அங்க என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். புவனம் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வள்ளங்கள் இழுத்து வைத்திருந்த மேட்டில் குந்தியிருந்தார். இரண்டு கையாலும் நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். கை கறுப்பாக இருந்தது.

அந்தத் துறை கற்கரை. வள்ளத்தை அப்படியே இழுத்தால் அடி தேய்ந்துவிடும். அதனால் கல்லுக்கு மேல் ஒரு மெத்தை மாதிரி மேடு போட்டு வைத்திருந்தார்கள். நான் அதன் மேல் ஐம்பது தடவை நடந்திருப்பேன். மண் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை, இது என்ன?" என்று அக்கா கேட்டார்.

"அதோ? அது பழைய சாதாழை. நாங்கள் இடம்பெயர முந்தியே போட்டது. அது ஊத்தை இல்லைத் தங்கச்சி, அதில ஒரு மணமும் இல்லை. அது எங்கட வள்ளத்துக்கு."

"எத்தினை மாரி கண்டிருக்கும்?"

சூசை அண்ணை விரலை மடித்து எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். "பத்துக்கு மேல" என்றார்.

அக்கா ஒரு வாளி கேட்டார். இரண்டு பிடி அள்ளிப் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சேலைத் தலைப்பால் வடித்து, அந்தத் தண்ணீரை வாயில் விட்டார். தீவில் எந்தப் புதுக் கிணற்றுக்குப் போனாலும் உவரா நன்னீரா என்று முதலில் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார்கள். இதுவும் அதே சோதனைதான். பிறகு வாளியை என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். சூசை அண்ணையும் குடித்தார். உப்பு இல்லை. கொஞ்சமும் இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, அந்த இரண்டு பேருக்கு முன்னால் அழுதேவிட்டேன்.

நினைத்துப் பாருங்கள். நான் கழிவைத் தேடிப் போனேன். யார் முறைப்பாடு எழுதினார்களோ அந்தக் குவியலைத்தான் கண்டேன். யாருக்கும் தொல்லை கொடுக்காத பொருளை யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை. அதனால் பத்து மாரி கழுவிய பசளை என் காலுக்குக் கீழே கிடந்தும் அது என் திட்டத்தில் இல்லை.

ஆனால் அதை எடுத்தால் வள்ளங்கள் கல்லில் இருக்கும். நான் கேட்கத் தயங்கினேன். புவனம் அக்கா தயங்கவில்லை.

"அண்ணை, நீங்கள் அனுப்பின புதுசு என்ரை தோட்டத்திலயும் பொதுக்காணியிலயும் கிடக்கு. அதைத் திருப்பிக் கொண்டந்து இதில போடுறம். உங்கட வள்ளத்துக்கு மெத்தை. மழையும் இஞ்சதான் பெய்யும். இதை எனக்குத் தாங்கோ."

சூசை அண்ணை மேட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை. "வெறும் பெட்டியோட ஒரு நடையும் வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அடுத்த இரண்டு நாள் மாதிரி என் உத்தியோகத்தில் வேறு நாள் இல்லை. கமக்காரர் ஏழெட்டுப் பேர் தோட்டத்தில் பரப்பிய புதுச் சாதாழையை வழித்துக் கூட்டி ஏற்றினார்கள். துறையில் அதை இறக்கிக் கறுப்பை ஏற்றினார்கள். துறைப் பெண்கள் இரண்டு பேர் உழவு இயந்திரத்தில் ஏறிச் சரவணைக்கே வந்துவிட்டார்கள், தங்கள் பொருள் எங்கே போகிறது என்று பார்க்க. புவனம் அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மழை வேறு கொட்டியது, கத்தரியை எரித்த உப்பையும் அது கழுவிக்கொண்டு போனது. காவலரணில், போகும்போதும் சாதாழை வரும்போதும் சாதாழை ஏற்றுகிற இந்தப் பைத்தியங்களை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இருபத்திரண்டாம் திகதி மேலதிகாரி வந்தார். புவனம் அக்காவின் ஆறு பரப்பும் கறுப்பாக இருந்தது. நான் கத்தரிக் கன்றை அவருக்குக் காட்டி, என் அவசரத்தால் நடந்ததையும் பிறகு நடந்ததையும் முழுவதும் சொன்னேன். கணக்காளர் அதை ஏற்கெனவே என்னைக் கொண்டு எழுதுவித்துக் கோப்பில் வைத்திருந்தார். மேலதிகாரி வாசித்துவிட்டு, "இதை ஏன் எழுதினீங்கள்? எழுதாட்டி எனக்குத் தெரிய வந்திராதே" என்றார். கணக்காளர்தான் பதில் சொன்னார்: "அடுத்த முறை வேற ஆள் இந்தப் பிழையைச் செய்யாமல் இருக்க, சேர்." கூலி இருபத்து மூன்றாம் திகதி துறைக்குப் போனது.

வெங்காயம் தை நடுவில் நடப்பட்டது. பங்குனியில் கிண்டிய அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒவ்வொரு பிடியாக வரும்போது நான் போட்ட சத்தத்தை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அக்கா அமைதியாக வெங்காயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மாலையில் வேலணைத் தொலைபேசிக் கடையிலிருந்து சுவிசுக்கு எடுத்துப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். "ஓம் தம்பி... ஓம்... சரி" என்றார். வைத்துவிட்டு என்னிடம், "தன்ரை பங்கையும் என்ரை பேரிலை எழுதிறானாம்" என்றார். அப்போதுதான் அவருடைய குரல் முதன்முதலாக உடைந்தது.

அடுத்த ஐப்பசியில் நான் இரண்டாம் ஆண்டு மானியத்துக்குப் புது விண்ணப்பம் தயாரித்தேன். முதல் ஆண்டை விட மூன்று மடங்கு பெரிது. உங்களைப் போல வட்டம்கூடக் கீறினேன். கையெழுத்து வாங்கச் சூசை அண்ணையையும் புவனம் அக்காவையும் கந்தோருக்கு வரச் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள், ஒரே வாங்கில் இருந்தார்கள். நான் விளக்கத் தொடங்கினேன்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ," என்று அக்கா இடைமறித்தார். "இந்த முறை காசு வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனாங்கள்."

"ஏன்? என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் சூசை அண்ணை. "ஆவணியிலேயே ஏத்தத் தொடங்கிட்டம். அவை வெங்காயம் தருகினம், நாங்கள் மீனும் குடுக்கிறம். உங்கட காசு வந்தால் முப்பத்தோராம் திகதியும் வருமெல்லோ."

நான் விண்ணப்பத்தை மூடினேன். கணக்காளரின் மேசைப் பக்கம் பார்த்தேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.